சுருளைவிட அந்தச் சின்னச் சுத்தியல்தான்

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை எனக்கு. எங்கள் அலமாரியில் ஒரு பழைய ரூம்கார்ஃப் தூண்டு சுருள் இருக்கிறது; பேட்டரியின் சிறிய மின்னழுத்தத்தைப் பெரிதாக்கித் தரும் கருவி. ஓடவிட்டால், பித்தளைக் குண்டுகளுக்கு நடுவே பாயும் தீப்பொறியைத்தான் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். என் கண் போவது ஓரத்தில் 'டிர்ர்ர்' என்று துடிக்கும் சுத்தியல் போன்ற இரும்புத் துண்டின்மேல்.

கருவிக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள்: பேட்டரியோடு சேர்ந்த முதன்மைச் சுருள், தீப்பொறி தரும் துணைச் சுருள். பேட்டரி மின்சாரம் முதன்மைச் சுருளில் சீராக ஓடிக்கொண்டிருந்தால் துணைச் சுருளில் ஒன்றும் நடக்காது. காந்தப்புலம் மாற வேண்டும். இணைக்கும்போதைவிடத் துண்டிக்கும்போது அது வேகமாக மாறும். பெரிய மின்னழுத்தம் பிறப்பது அந்த நொடியில்தான். ஆக, யாராவது வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பாதிரியார் நிக்கலஸ் கேலன் அதற்காகக் கடிகாரத்தின் உறுப்பு ஒன்றைக் கழற்றி, கையால் சுற்றிச் சுற்றி, கம்பியைப் பாதரசத்தில் முக்கி எடுத்தார். பாவம், என்ன கைவலியோ!

கையை விடுவித்தது 1830களின் கடைசியில் ஃபிராங்ஃபர்ட்டில் வாக்னரும் மருத்துவர் நீஃபும் கொண்டுவந்த சுத்தியல். மின்சாரம் ஓடினால் சுருளுக்குள் இருக்கும் இரும்பு காந்தமாகும். ஸ்பிரிங்கில் நிற்கும் சுத்தியலை இழுக்கும். இழுத்ததும் பிளாட்டினத் தொடுமுனை விலகி மின்சாரம் அறுந்துவிடும். காந்தம் போய்விட, ஸ்பிரிங் பழைய இடத்துக்குத் திரும்பும். மறுபடியும் இழுப்பு. தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளும் காந்தம்!

சிக்கல் தொடுமுனையில். முனைகள் விலகினாலும் மின்சாரம் உடனே நிற்காது, இடைவெளியில் நீலப்பொறியாகத் தாவும். துண்டிப்பு மந்தமாகும், முனையும் அரிக்கும். 1853-ல் இயற்பியலாளர் ஃபிஸோ முனைகளின் குறுக்கே ஒரு கண்டென்சரை வைத்தார்; தாவப் பார்க்கும் மின்சாரத்தை வாங்கிச் சேர்த்துவைத்துக்கொள்ளும் உறுப்பு அது. எங்கள் சுருளில் கண்டென்சரின் ஒயரைக் கழற்றிக் காட்டுவேன்: சுத்தியலடியில் பொறி கொழுக்கும், குண்டுகளுக்கிடையே தீப்பொறி குறுகிவிடும். பத்துப் பக்கப் பாடத்தைவிட இது மேல். மூன்றாண்டு கழித்து இன்னொரு இயற்பியலாளர் ஃபூக்கோ பாதரசத்தின்மேல் ஆல்கஹால் ஊற்றி, அதற்குள்ளேயே துண்டித்தார். பொறி சட்டென அணைந்தது.

1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டபோது அவருடைய வெற்றிடக் குழாய்க்கு உயர் மின்னழுத்தம் தந்ததும் ரூம்கார்ஃப் சுருள்தான். பெயர் என்னவோ சுருள் செய்த ரூம்கார்ஃபுக்குப் போயிற்று, சுத்தியல் செய்தவர்களுக்கு இல்லை. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

சுத்தியல் இன்னும் தெருவில்தான் இருக்கிறது. ஸ்கூட்டர் ஹாரன் கம்மினால் மெக்கானிக் அதன் பின்பக்கத் திருகை லேசாகத் திருப்புவாரே, அவர் சரிசெய்வது இதே தொடுமுனையைத்தான்.