அறுபது ஓம் காட்டினால் போதுமா?

கரூர் மாவட்டம் க.பரமத்தி பக்கம் ஒரு கல்குவாரி. இருபது டன் ஹிட்டாச்சி ஒன்று மூன்று நாளாக மக்கர் செய்கிறது என்று போன். எங்கள் ஊரில் எந்தக் கம்பெனி எக்ஸ்கவேட்டராக இருந்தாலும் அது ஹிட்டாச்சிதான். இது எந்தக் கம்பெனி வண்டி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

போய் இறங்கியதுமே ஓனர் ஒரு கொட்டேஷனை நீட்டினார். "ஏனுங்க, இன்ஜின் கன்ட்ரோலர் போயிருச்சுன்னு சொல்லிட்டாங்க. லட்சக்கணக்குல ஆகுமாம். நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க." முன்னால் வந்து பார்த்தவர், மானிட்டரில் 'இன்ஜின் கன்ட்ரோலர் தொடர்பு இல்லை' என்று வந்ததைப் படித்திருக்கிறார். அதை அப்படியே கொட்டேஷனாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்த வண்டியில் மானிட்டர், ஹைட்ராலிக் கன்ட்ரோலர், இன்ஜின் ஈசியூ (கொட்டேஷனில் இருந்த இன்ஜின் கன்ட்ரோலர் இதுதான்) மூன்றும் முறுக்கிய இரண்டே கம்பிகளில் பேசிக்கொள்கின்றன. மஞ்சள் ஹை, பச்சை லோ. கேன் பஸ் என்பார்கள். பாஷ் கம்பெனி 1986-இல் கார்களுக்காக வெளியிட்ட ஏற்பாடு இது. கனரக வண்டிகளில் ஜே1939 என்ற முறையில், பெரும்பாலும் நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் ஓடுகிறது. பழைய வண்டியில் ஆக்ஸிலரேட்டருக்கு ஒரு கேபிள் இருக்கும், அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். இதில் ஆபரேட்டர் டயலைத் திருப்பினால் அது இந்தக் கம்பி வழியாகச் செய்தியாகப் போய்த்தான் இன்ஜின் வேகம் ஏறும். செய்தி நின்றால் இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிவிடும். இங்கே நடந்ததும் அதுதான்: பிரேக்கர் போட்டுப் பாறையை அடிக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வண்டி மூச்சுவிட்டு உட்கார்ந்துவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகும்.

வண்டி பதிந்து வைத்திருந்த எரர் கோடுகளை எடுத்துப் பார்த்தேன். எஸ்பிஎன் 639, எஃப்எம்ஐ 9. முதல் எண் கோளாறு எதில் என்று சொல்லும், அடுத்தது என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும். இங்கே கேன் கம்பியில் தகவல் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்று பொருள். ஹைட்ராலிக் கன்ட்ரோலர் இன்ஜினைக் காணோம் என்கிறது, இன்ஜின் ஈசியூ ஹைட்ராலிக்கைக் காணோம் என்கிறது, மானிட்டர் இரண்டையும் காணோம் என்கிறது. பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அடுத்தவன் மேல் பிராது கொடுத்தால் எவனைப் பிடித்து அடைப்பது? மூன்றும் ஒரே நேரத்தில் புலம்பினால் எனக்குக் கம்பி மேல்தான் சந்தேகம் போகும்.

பேட்டரி கட்-ஆஃபைத் திருப்பி, கேபினுக்குள் இருக்கும் ஒன்பது பின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் சி-க்கும் டி-க்கும், அதாவது மஞ்சளுக்கும் பச்சைக்கும், நடுவே மீட்டரை வைத்தேன். அறுபது ஓம். கம்பியின் இரு முனையிலும் டெர்மினேட்டர் என்று ஒரு 120 ஓம் மின்தடை உண்டு. இரண்டும் பேரலலில் இருப்பதால் அறுபது. 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் போயிருக்கும், இல்லாவிட்டால் கம்பி எங்கேயோ அறுந்திருக்கும். நாற்பது காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் செருகியிருப்பார்கள். ஜிபிஎஸ் மாட்ட வந்தவர்கள் செய்துவிட்டுப் போனதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

சாவியைப் போட்டு வோல்டேஜும் பார்த்தேன். பாடியிலிருந்து மஞ்சள் 2.6 வோல்ட், பச்சை 2.4. பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. "கம்பியெல்லாம் நல்லா இருக்கு" என்று நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கம்பிகளை இணைக்கும் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே பின்களைப் பார்ப்பதில் மதியம் வரை போனது. ஒன்றிலும் பச்சையாகத் துரு பூக்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை. ஹெல்பர் பையன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "கேன்ல எங்கண்ணே ஓட்டை?" என்றான். தண்ணி கேனை நினைத்துக்கொண்டு கேட்டானா, கிண்டலுக்குக் கேட்டானா என்று இன்னும் தெரியவில்லை.

என் தப்பு அங்கேதான். நிற்கிற வண்டியில் அளந்துவிட்டு, ஓடுகிற வண்டிக்குத் தீர்ப்பு எழுதினேன். அதுவும் அறுபது ஓம் என்பது மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே உள்ள கணக்கு மட்டும்தான். அந்தக் கம்பிகளில் ஒன்று பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால்கூட மீட்டர் அதே அறுபதைத்தான் காட்டும்.

சாப்பிட்டு வந்து, மீட்டர் லீடுகளை சாக்கெட்டிலேயே கட்டிவிட்டு ஆபரேட்டர் அண்ணன் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். பிரேக்கர் அடிக்க ஆரம்பித்தது. பல் கிட்டுகிற அதிர்வில் மீட்டரைப் படிப்பதே பெரும்பாடு. எட்டாவது நிமிடம் இன்ஜின் தொய்ந்தது. மஞ்சள் பூஜ்யம், பச்சையும் கிட்டத்தட்ட பூஜ்யம். "அண்ணே, அப்படியே ஆஃப் பண்ணுங்க, எதையும் அசைக்காதீங்க!"

கட்-ஆஃப் போட்டு ஓம் பார்த்தேன். மஞ்சளிலிருந்து பாடிக்கு அரை ஓம்கூட இல்லை. பச்சையிலிருந்து பாடிக்கு அறுபது. மஞ்சள் பாடியில் ஒட்டியிருக்கிறது, பச்சை டெர்மினேட்டர்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு அங்கே வருகிறது. அப்புறம் பாதியாகப் பிரிக்க வேண்டியதுதான். கேபினுக்குப் பின்னால் உள்ள பெரிய கப்ளரைப் பிரித்தேன். கேபின் பக்கம் சுத்தம், இன்ஜின் பக்கம் ஷார்ட். இன்ஜின் ஈசியூ கப்ளரைக் கழற்றிய பிறகும் ஷார்ட் அப்படியே இருந்தது. கொட்டேஷனில் இருந்த சாமான் அந்த நிமிடமே விடுதலை.

மீட்டரை பஸ்ஸரில் வைத்துப் பையனிடம் கொடுத்தேன். நான் கம்பிகளைச் சேர்த்துக் கட்டிய ஹார்னஸைத் தடவிக்கொண்டே போனேன். ஹைட்ராலிக் பம்புக்கு மேலே ஒரு பிராக்கெட்டை ஒட்டி ஹார்னஸைத் தூக்கியதும் பீப் நின்றது. விட்டால் மறுபடி பீப். கம்பிகளுக்கு மேலே போர்த்தியிருந்த கன்ட்யூட் குழாய் தேய்ந்து பிளந்திருந்தது. உள்ளே மஞ்சள் கம்பியின் தோல் எள்ளளவு போய்ச் செம்பு தெரிந்தது. பிராக்கெட் விளிம்பிலும் அதே அளவுக்கு பெயின்ட் உரிந்து பளபளவென்று ஒரு புள்ளி. ஹார்னஸைப் பிடித்திருக்க வேண்டிய கிளாம்ப் இல்லை, அதன் போல்ட் ஓட்டை மட்டும் இருந்தது.

"இங்க யாராச்சும் கை வெச்சாங்களா?"

ஆபரேட்டர் யோசித்தார். "போன மாசம் ஒரு ஹோஸ் வெடிச்சு மாத்துனாங்க."

சரிதான். ஹோஸ் ஏறிவிட்டது, கிளாம்ப் ஏறவில்லை.

தேய்ந்த இடத்தை வெட்டிவிட்டு, புதுத் துண்டு போட்டு கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஏற்றினேன். முறுக்கைத் திரும்பப் போட்டேன். முறுக்கிப் பிடிக்காமல் நேராக விட்டால் வெளி இரைச்சலை வாங்கும். புது கன்ட்யூட், புது கிளாம்ப். இரண்டு மணி நேரம் பிரேக்கர் அடிக்கச் சொல்லி நிழலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோடுகூட வரவில்லை.

2021 ஏப்ரலில் சக்கரம் உள்ள கட்டுமான வண்டிகளுக்குப் புதிய புகை விதி வந்ததிலிருந்து யூரியா டேங்கும், புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரும் உள்ள வண்டிகள் கூடிவிட்டன. அந்த சென்சாரும் இதே மாதிரி கேன் கம்பியில்தான் பேசுகிறது. கம்பி நீள நீள, தேய்வதற்கான இடங்களும் கூடுகின்றன.

ஓனர் வந்து என்ன மாற்றினேன் என்று கேட்டார். நாலு அங்குல வயரும் ஒரு கிளாம்பும் என்றேன். பிராக்கெட்டை எட்டிப் பார்த்தார், கொட்டேஷனைப் பார்த்தார், அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இந்த எள்ளளவுக்கா என் வண்டி மூணு நாள் நின்னுச்சு?" என்றவர், பையனிடம் திரும்பி, "அண்ணனுக்கு டீ வாங்கிட்டு வாடா" என்றார்.