வாய்ப்பேச்சு போதாது: நியூ ஜெர்சியில் மகனுக்கு ஐ.இ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) வாங்கிய கதை

முதல் வகுப்பு முழுவதும் என் மகன் நன்றாகப் படிக்கிறான் என்றே பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை கேட்ட கதையை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பான். பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திருப்புவான். விரல் மட்டும் வேறு ஏதோ சொல்லின் மேல் நிற்கும். புதுப் புத்தகத்தைக் கொடுத்தால் முதல் எழுத்தைப் பார்ப்பான், படத்தைப் பார்ப்பான், பிறகு என் முகத்தைப் பார்த்து ஒரு சொல்லைச் சொல்லிவைப்பான்.

இரண்டாம் வகுப்பில் நவம்பர் மாதப் பெற்றோர் சந்திப்பு. "வீட்டில் இரண்டு மொழி பேசுகிறீர்கள் அல்லவா, அதனால் இருக்கும். கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்றார் வகுப்பு ஆசிரியை. நல்லவர், அக்கறையோடுதான் சொன்னார். பள்ளியில் சேர்க்கும்போது நிரப்பும் படிவத்தில் 'வீட்டில் பேசும் மொழி: தமிழ்' என்று எழுதிய எல்லாக் குடும்பங்களுக்கும் இந்தப் பதில் தயாராக இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் தமிழை நிறுத்திய குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் தமிழ்ப் பள்ளி ஆசிரியை அவனுடைய நோட்டைக் காட்டியிருந்தார். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறிக் கிடந்தன. 'கொ' என்ற எழுத்தைப் பார்த்தால் முன்னால் இருக்கும் கொம்பை ஓர் எழுத்தாகவும் பின்னால் இருக்கும் காலை இன்னோர் எழுத்தாகவும் பிரித்து வைத்துக்கொண்டு திண்டாடினான். பேச்சிலோ தமிழ் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் தெரியாததுதான் பிரச்சினை என்றால் தமிழும் ஏன் படிக்க வரவில்லை? இந்த ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

இங்கே 'பள்ளி மாவட்டம்' என்பது நம் ஊரில் சொல்லும் மாவட்டம் அல்ல. ஒரு சிற்றூரே தனி மாவட்டமாக இருக்கலாம். நியூ ஜெர்சி என்ற சின்ன மாநிலத்தில் ஏறத்தாழ 600 மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம், தனி பட்ஜெட். ஆனால் சிறப்புக் கல்வியில் எல்லோரையும் கட்டுப்படுத்துவது ஒரே மத்தியச் சட்டம். 1975இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டது, 1990இல் ஐ.டி.இ.ஏ. (மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம்) என்று பெயர் மாறியது, 2004இல் திருத்தப்பட்டது. அதற்கு முன் இந்த நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகள் அரசுப் பள்ளியின் வாசலையே மிதிக்க முடியாமல் இருந்தார்கள். இன்று, குழந்தைக்குக் குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் தேடிப் பிடித்து மதிப்பிட வேண்டியது மாவட்டத்தின் கடமை, அதுவும் பெற்றோரிடம் காசு வாங்காமல்.

கடமை சட்டத்தில் இருக்கிறது. அதை நடக்க வைப்பது தேதி போட்ட கடிதம். ஆசிரியையிடம் வாயால் சொன்னதற்கு எந்தக் கெடுவும் கிடையாது. மாவட்டத்தின் சிறப்புச் சேவைகள் அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்டால், நியூ ஜெர்சி விதிப்படி 20 நாட்களுக்குள் கூட்டம் கூட்டியாக வேண்டும். பள்ளி விடுமுறை நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் கோடை விடுமுறை சேரும். என் கடிதம் அரைப் பக்கம்கூட இல்லை. மகனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதென்று சந்தேகிக்கிறேன், முழு மதிப்பீடு வேண்டும், காரணங்கள் இவை. அவ்வளவுதான். மின்னஞ்சலில் அனுப்பியதோடு ஒரு பிரதியை நேரில் கொடுத்து, என் பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டேன். ஊரில் தாலுகா அலுவலகத்தில் பழகிய பழக்கம் இங்கே கைகொடுத்தது.

அடுத்த நாளே பள்ளியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. "முதலில் எங்கள் உள் உதவிக் குழு மூலம் சில வாரம் கூடுதல் வாசிப்புப் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம், பிறகு மதிப்பீட்டைப் பற்றி யோசிக்கலாம்" என்றார்கள். கூடுதல் பயிற்சி நல்லதுதான், தாராளமாகக் கொடுங்கள் என்றேன். ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 2011இலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அதைப் பணிவாக ஒரே வரியில் பதில் அஞ்சலில் குறிப்பிட்டேன். பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

இங்கே மதிப்பீட்டை நடத்துவது 'சைல்டு ஸ்டடி டீம்' என்ற குழு. பள்ளி உளவியலாளர், கற்றல் குறைபாட்டு ஆலோசகர், சமூகப் பணியாளர் மூவரும் அதில் இருப்பார்கள். தேவைப்பட்டால் பேச்சுப் பயிற்சியாளரும் சேர்வார். மூவரில் ஒருவர் நம் குழந்தைக்குக் 'கேஸ் மேனேஜர்', அதாவது பொறுப்பாளர். முதல் கூட்டத்தில் என்னென்ன சோதனைகள் என்று முடிவு செய்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கையெழுத்திலிருந்து 90 நாட்களுக்குள் சோதனை, தகுதி முடிவு, திட்டம், நடைமுறை எல்லாம் முடிய வேண்டும். இருமொழிக் குழந்தை என்பதால் தமிழ் தெரிந்தவரைக் கொண்டு பேச்சு மொழிச் சோதனையும் வேண்டுமென்று கேட்டேன். குழந்தைக்குப் பழக்கமான மொழியில் சோதிப்பது சட்டத்தில் இருப்பதுதான். தமிழ் தெரிந்த பயிற்சியாளர் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து நடத்தினார்கள். அந்த அறிக்கை இரண்டு மொழியிலும் பேச்சு வயதுக்கேற்ப இருக்கிறது என்று சொன்னது. இருமொழி வாதம் அதோடு அடங்கியது.

சமூகப் பணியாளரின் நேர்காணலை நானும் கணவரும் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துப் போனோம். பிரசவம் எப்படி, எப்போது நடந்தான், எப்போது பேசினான் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "குடும்பத்தில் யாருக்காவது படிப்பதில் சிரமம் இருந்ததா?" என்றார். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கணவர், "என் தம்பி" என்றார். கொழுந்தனார் எட்டாம் வகுப்போடு நின்றவர். வீட்டிலும் பள்ளியிலும் அவரை மக்கு என்றே சொல்லி வளர்த்தார்கள். இன்று கும்பகோணத்தில் மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்திருக்கிறார். எந்தப் பம்பையும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்துவிடுவார். பில் புத்தகம் எழுதுவது மட்டும் மனைவி. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு குடும்பத்தில் தொடரக்கூடியது என்று அந்த அம்மாள் சொன்னபோது கணவர் சிறிது நேரம் பேசவில்லை. அன்றிரவு தம்பிக்குத் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினார்.

தகுதிக் கூட்டத்துக்கு 10 நாட்களுக்கு முன்பே அறிக்கைகளின் பிரதி கைக்கு வர வேண்டும். இது நியூ ஜெர்சி விதி. வந்த அறிக்கைகளைப் படிக்க ஒரு சூத்திரம் தெரிந்தால் போதும்: பெரும்பாலான சோதனைகளில் சராசரி 100, 85 முதல் 115 வரை சாதாரணம். என் மகனுக்குச் சொற்பொருள் புரிதல் 118. ஒலிகளைப் பிரித்தறியும் திறன் 79, அதாவது நூறு குழந்தைகளில் ஏறத்தாழ எட்டுப் பேர்தான் அவனுக்குக் கீழே. ஒரு சோதனையில் பொருளே இல்லாத, ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடிய சொற்களைக் கொடுத்திருக்கிறார்கள். மனப்பாடமோ ஊகமோ அங்கே செல்லாது. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக மாற்றிச் சொல்லியிருக்கிறான். அந்தப் பக்கத்தைப் படித்தபோது, இரண்டு வருடமாக இந்தப் பிள்ளை எவ்வளவு சாமர்த்தியமாக உழைத்துச் சமாளித்திருக்கிறான் என்றுதான் தோன்றியது.

கூட்டத்தில் எங்களைச் சேர்த்து எட்டுப் பேர். உளவியலாளர், மொத்தத்தில் சராசரி மாணவன், மதிப்பெண்களும் மோசமில்லை, 504 திட்டம் போதும் என்றார். 504 என்பது 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் ஒரு பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், முன்வரிசை இருக்கை போன்ற சலுகைகள் அதில் கிடைக்கும். ஆனால் இவனுக்கு வேண்டியது சலுகை அல்ல, படிக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆள். மூன்று கேள்விகள்தான் தகுதியைத் தீர்மானிக்கின்றன. குறைபாடு இருக்கிறதா? அது படிப்பைப் பாதிக்கிறதா? அதற்குச் சிறப்புக் கற்பித்தல் தேவையா? மொத்தச் சராசரி என்பது நான்காவது கேள்வியாக எங்கும் இல்லை. அறிக்கையின் 118, 79 இரண்டையும் சுட்டிக்காட்டி, வகுப்பில் அவன் எழுதிய ஒரு பத்தியையும் தமிழ்ப் பள்ளி நோட்டையும் மேசையில் விரித்தேன். கற்றல் ஆலோசகர் நோட்டைக் கையில் எடுத்துக் கொம்பு, கால் பற்றியெல்லாம் விசாரித்தார். பிறகு, "இது மொழிச் சிக்கல் இல்லை, நான் தகுதி உண்டு என்கிறேன்" என்றார். 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற பிரிவில் தகுதி எழுதப்பட்டது.

அவர்கள் தயங்குவதற்குக் காரணம் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். சிறப்புக் கல்விக்கு ஆகும் கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவருக்கான தேசியச் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை தருவதாக 1975இல் சொன்ன மத்திய அரசு, ஒருநாளும் அந்த அளவை எட்டியதில்லை. மிச்சம் மாநிலத்தின் தலையிலும் உள்ளூர் வீட்டு வரியின் தலையிலும் விழுகிறது. நியூ ஜெர்சியில் அந்த வரியை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதற்கும் கட்டுப்பாடு உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் நெருக்கடி புரிகிறது. அதற்காக என் பிள்ளையின் வாசிப்பை விட்டுக்கொடுக்க முடியாது.

எல்லோரும் தகுதி கிடைத்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். ஐ.இ.பி. என்கிற தனிநபர் கல்வித் திட்டத்தின் வரைவில் முதல் இலக்கு இப்படி இருந்தது: 'மாணவன் 80 விழுக்காடு துல்லியத்துடன் வாசிப்புத் திறனை மேம்படுத்துவான்.' எதில் 80? இன்று எங்கே இருக்கிறான்? கேட்டேன். வகுப்பு ஆசிரியை அங்கேயே தன் பதிவேட்டைப் புரட்டி, நிமிடத்துக்குச் சரியாகப் படிப்பது 31 சொல் என்றார். இரண்டாம் வகுப்பின் நடுவில் நடுத்தரக் குழந்தை 84 சொல் படிக்கும் என்று இங்கே பள்ளிகள் கையாளும் அட்டவணை சொல்கிறது. அந்த 31 வரைவில் ஏறிய பிறகுதான் இலக்குக்கு உயிர் வந்தது. அடுத்த ஆண்டு எந்த எண்ணில் இருக்க வேண்டும், யார் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை அளப்பார் என்று பேச முடிந்தது. 2017இல் எண்ட்ரூ என்ற மாணவனின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னதும் இதுதான்: பெயருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் என்பது போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்துக்குத் திட்டம் வழிசெய்ய வேண்டும்.

அடுத்தது நேரம். வாரம் இரண்டு முறை, அரை மணி, ஐந்து பேர் கொண்ட குழு என்று இருந்தது. பேசிப் பேசி வாரம் நான்கு நாள், 40 நிமிடம், மூன்று பேருக்கு மேற்படாத குழு என்று ஆனது. எந்த முறையில் கற்பிப்பீர்கள் என்பதில்தான் முட்டிக்கொண்டது. டிஸ்லெக்சியா குழந்தைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கும் ஆர்ட்டன் கில்லிங்காம் வழியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டுமென்றேன். திட்டத்தில் முறையின் பெயரை எழுதுவது எங்கள் வழக்கமில்லை என்றார்கள். சரி, மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் தாருங்கள் என்றேன். பெற்றோர் கேட்டதை மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஒரு வாரம் கழித்துத் திருத்திய வரைவு வந்தது. பெயர் இல்லை. ஆனால் 'ஒலி அடிப்படையில், படிப்படியாக, பல புலன்கள் வழியாகக் கற்பிப்பதில் பயிற்சி பெற்ற ஆசிரியர்' என்ற வரி இருந்தது. எனக்கு அது போதும்.

முதல் ஐ.இ.பி. நடைமுறைக்கு வரப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வேண்டும். கூட்டத்திலேயே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படித்தோம். மதிப்பீட்டையே ஏற்கவில்லை என்றால் மாவட்டச் செலவில் வெளியாரின் மதிப்பீடு கேட்கலாம். அதைத் தர வேண்டும், அல்லது தங்கள் மதிப்பீடு சரியென்று மாவட்டமே வழக்குக்குப் போக வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தனியாரிடம் போனால் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும் என்பதால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

தெரிந்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். ஒன்று, கிரீன் கார்டுக்கு இது இடைஞ்சலா? இல்லை. அரசு உதவியை நம்பி வாழ்பவரா என்று கிரீன் கார்டுக்குப் பார்க்கும் கணக்கில் அரசுப் பள்ளிக் கல்வியும் அதன் சிறப்புச் சேவைகளும் வருவதில்லை. இரண்டு, பெயர் கெட்டுப்போகாதா? பள்ளிப் பதிவுகளின் ரகசியத்தை 1974ஆம் ஆண்டின் தனிச் சட்டம் காக்கிறது. அத்தை ஊரிலிருந்து கேட்டது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். "பின்னாளில் பொண்ணு பார்க்கும்போது யாராவது கேட்டால்?" பையனுக்கு அப்போது எட்டு வயதுகூட ஆகவில்லை.

பிப்ரவரி கடைசியில் வகுப்புகள் தொடங்கின. முதல் மாதம் வீட்டுக்கு வந்தால் சோர்ந்து சோபாவில் விழுவான். ஒவ்வொரு எழுத்துக்கும் விரலால் மேசையில் தட்டி ஒலியைப் பிரிக்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில், காரின் கண்ணாடியில், தங்கையின் முதுகில் எல்லாம் தட்டிக்கொண்டிருந்தான். ஜூன் மாத முன்னேற்ற அறிக்கையில் 31 என்பது 52 ஆகியிருந்தது. வகுப்பின் நடுத்தர நிலை அதற்குள் 100க்கு நகர்ந்துவிட்டது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. மாற்றுத்திறன் மாணவர்களுக்கு இலவசமாகப் புத்தகங்கள் தரும் புக்‌ஷேர் நூலகத்திலும் சேர்த்துவிட்டோம். எழுத்து காதில் கேட்கக் கேட்கத் திரையில் வரி ஒளிரும். டைனோசர் பற்றித் தேடித் தேடிக் கேட்கிறான்.

கோடை வகுப்புக்கு முதலில் தகுதியில்லை என்றார்கள். நீண்ட விடுமுறையில் கற்றதை இழந்து, திரும்பப் பெற அதிக நாள் பிடிக்கும் குழந்தைக்குத்தான் அது என்பது அவர்கள் சொன்ன அளவுகோல். ஏப்ரல் வசந்த விடுமுறைக்கு முன்னும் பின்னும் எடுத்த வாசிப்பு எண்களைக் கேட்டு வாங்கினேன். ஒரு வார விடுமுறையில் ஏழு சொல் இறங்கி, பழைய இடத்துக்கு வர மூன்று வாரம் பிடித்திருந்தது. இப்போது ஜூலை முழுவதும் காலை வகுப்பு உண்டு, பஸ்ஸும் மாவட்டமே அனுப்புகிறது. ஆகஸ்டுக்கு இல்லை. அதற்கான எழுத்து மறுப்பு நேற்றுத்தான் வந்தது, இன்னும் முழுதாகப் படிக்கவில்லை.