சீமைக்கருவேலத்தின் பங்காளி வீட்டில் 42 கிலோமீட்டர்

பாலைவனத்தில் மராத்தான் ஓடப்போகிறேன் என்று சொன்னதும் ஊரில் எல்லாரும் ஒட்டகம் இருக்குமா என்றுதான் கேட்டார்கள். அய்யா மட்டும் தூரத்தைக் கேட்டார்.

“எம்புட்டுத் தூரம் தாயி?”

“42 கிலோமீட்டர் அய்யா.”

“கமுதியில இருந்து பரமக்குடிக்கே கிட்டத்தட்ட அம்புட்டுத்தான் வரும். ஏன், அங்கிட்டு பஸ் கிடையாதா?”

அரிசோனாவில் நாங்கள் இருக்கும் பக்கம் சொனோரன் பாலைவனம். ஒட்டகமும் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் மணல்மேடும் இல்லை. முழுக்க முள். ஃபீனிக்ஸுக்கு வடகிழக்கே மெக்டவல் மலைப் பூங்காவில்தான் ஓட்டம். 42 கிலோமீட்டர் என்றால் 26 மைல் சொச்சம். பெம்பர்ட்டன் பாதை ஒரு சுற்று 15.4 மைல், மிச்சத்தை வேறு பாதைகளில் சுற்றி ஈடுகட்டினார்கள். டிசம்பர் காலை, 5 டிகிரி குளிர். கையுறை போட்டுக்கொண்டு கிளம்பியவள் பத்து மணிக்கெல்லாம் தொப்பியை நனைத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.

முதல் பத்து மைல் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக ஓடினேன், அவ்வளவுதான். கருங்கல் நொறுங்கிய பொடிப் பரலில் கால் லேசாக வழுக்கும், பழகிவிட்டால் சுகம். சஹுவாரோ கள்ளிகள் ஆள் நிற்பதுபோல் அங்கங்கே நின்றன. ஒரு சஹுவாரோ முதல் கை விடவே ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வருஷம் ஆகுமாம். சில இடங்களில் அவை ரொம்பவும் குறைவு. 1995 ஜூலையில் ரியோ தீ என்று ஒன்று இந்தப் பூங்காவின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. இந்தச் செடிகளுக்கு நெருப்பைத் தாங்கிப் பழக்கமில்லை. முப்பது வருஷமெல்லாம் சஹுவாரோவுக்குப் பிள்ளைப்பருவம்.

ஓடைகள்தான் ஆளைச் சோதித்தன. மழை பெய்தால் மட்டும் தண்ணீர் போகும் காய்ந்த ஓடைகள், உள்ளே கணுக்கால் புதையும் மணல். கூட ஓடியவர்கள் முக்கி முக்கி உந்தினார்கள். நான் குண்டாற்று மணலில் குடம் சுமந்தவள். மணலை உந்தினால் அது வாங்கிக்கொள்ளும். பாதத்தைத் தட்டையாக வைத்து, குட்டி எட்டாக, முன்னால் போனவர் தடத்திலேயே போகவேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக அங்கே நான்கு பேரை முந்தினேன்.

அந்தத் திமிர் பதினேழாவது மைலில் இறங்கியது. சோய்யா என்று ஒரு கள்ளி. தாவி வந்து ஒட்டும் என்பார்கள். தாவவெல்லாம் இல்லை, உதிர்ந்த முள்ளுருண்டை பாதையில் கிடக்கும். ஒரு காலால் தட்டிவிட்டேன், மறு கெண்டைக்காலில் போய்க் குத்திக்கொண்டது. முள் நுனியில் நுணுக்கமான கொக்கி இருப்பதால் கையால் பிடுங்கப்போனால் கையிலும் ஒட்டும். இதற்காகவே இந்த ஊர்க்காரர்கள் பையில் சீப்பு வைத்திருப்பார்கள். நானும் வைத்திருந்தேன். சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே விட்டு ஒரே சுண்டு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உட்கார்ந்ததும்தான் உடம்பு சரியில்லை என்பது தெரிந்தது. குமட்டல். மோதிரம் விரலை இறுக்கியது. இங்கே வேர்ப்பதே தெரியாது, காய்ந்த காற்று உடனே உறிஞ்சிக்கொள்ளும். சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு பார்த்தால்தான் உண்டு. பயந்துபோய் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளியிருந்தேன், உப்பைச் சேர்க்கவே இல்லை. நடந்தே அடுத்த தண்ணீர்ப்பந்தலுக்குப் போனேன். நம்மூர்ச் சித்திரை மாதப் பந்தல் மாதிரிதான், மோருக்குப் பதில் வெள்ளரிக்காய் ஊறவைத்த உப்புத் தண்ணீர். அங்கிருந்த பாட்டி அவித்த உருளைக்கிழங்கை உப்பில் புரட்டி என் வாயிலேயே வைத்தார். பத்து நிமிஷம் உட்கார்ந்தால்தான் விடுவேன் என்றார். நிழலைக் காட்டினார்.

நிழல் தந்த மரத்தை நிமிர்ந்து பார்த்தேன். அந்த இலை, அந்த முள், கீழே காய்ந்து கிடந்த அந்தக் காய். மெஸ்கீட். எங்கள் சீமைக்கருவேலத்தின் பங்காளி. நம்மூரில் நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று நீதிமன்றம் வரை போய் வெட்டச் சொன்னார்களே, அந்தக் குடும்பம். இங்கே அது சொந்த மண்ணில் மரியாதையோடு நிற்கிறது. இந்தப் பக்கத்துப் பழங்குடி மக்கள் காலங்காலமாக அந்தக் காயை மாவாக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு காயை எடுத்துக் கடித்தேன். இனிப்பு. ஊரில் ஆடு தின்னப் பார்த்திருக்கிறேன், நான் கடித்ததில்லை.

மிச்ச ஒன்பது மைலை ஓடினேன் என்று சொன்னால் பொய். ஓடி, நடந்து, 6 மணி 41 நிமிஷம்.

சாயங்காலம் அய்யாவிடம் பேசும்போது பதக்கத்தைக் காட்டினேன். சரி சரி என்றார். மரத்தைப் பற்றிச் சொன்னதும்தான் எழுந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் கரிமூட்டம் போட்டவர். இங்கே மெஸ்கீட் கரியைக் கறி சுடுவதற்கென்று மூட்டை போட்டுக் கடையில் விற்கிறார்கள் என்றேன்.

“வெல என்ன?”

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“ஒரு மூட்டை வாங்கிப் பத்த வச்சுப் பாரு தாயி. தட்டுனா கிண்ணுனு சத்தம் வருதா, புகையுதான்னு சொல்லு.”

வாங்கி வைத்திருக்கிறேன். கெண்டைக்கால் வீக்கம் வற்றியதும் பற்றவைக்க வேண்டும்.