பனம்பு மடம் தேடிப் போன நாள்

எர்ணாகுளத்தில் பறவூர் பஸ்ஸில் ஏறியதும் பெரியம்மா ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டார். வராப்புழைப் பாலத்தில் பெரியாறு அகன்று விரிந்தபோது செபமாலையை மடியில் வைத்துவிட்டு ஆற்றையே பார்த்தார். அங்கிருந்து சிறிது தூரத்தில் கூனம்மாவு.

புனித பிலோமினா ஆலயத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் புனித சாவறா குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளாரை எண்ணித்தான் வருகிறார்கள். 1871 ஜனவரி 3 அன்று அவர் உயிர்நீத்தது இங்கேதான். நாங்களும் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டோம். ஆனால் பெரியம்மாவை இத்தனை தூரம் இழுத்து வந்தவர் வேறு ஒருவர்: அன்னை எலிஸ்வா.

1831இல் வைப்பின் தீவின் ஓச்சந்துருத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் கல்யாணம், இருபதில் கைம்பெண். கையில் அன்னா என்ற பெண் குழந்தை. மறுமணப் பேச்சுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. பெரியம்மாவும் இருபத்திரண்டில் தாலி இழந்தவர். ஒரே மகளைத் தையல் இயந்திரத்தை நம்பி வளர்த்தவர்.

பதினைந்து ஆண்டுகள் செபத்தில் கழிந்தன. பிறகு கார்மேல் துறவற சபையின் இத்தாலியக் குரு லெயோபோல்டு பெக்காரோவும் சாவறா அடிகளாரும் துணைநிற்க, 1866 பிப்ரவரி 13 அன்று இங்கே ஒரு மடம் பிறந்தது. எலிஸ்வா, மகள் அன்னா, தங்கை திரேசியா, கிளாரா என்று நான்கே பெண்கள். கேரளத்துப் பெண்களுக்கென அமைந்த முதல் துறவற சபை, பனம்பால் அடைத்த ஒரு வீட்டில்!

பனம்பு என்றால் நம் ஊர் மூங்கில் தட்டிதான். பெரியம்மாவின் பழைய அடுப்படிக்கும் அதுதான் சுவர். விளிம்பில் விரல் பட்டால் சிராய் ஏறும்; விடியலில் அதன் இடுக்குகள் வழியே வெளிச்சம் பொடிப்பொடியாகத் தரையில் விழும். “ஆடி மழைக்குச் சாரல் உள்ளே வந்திருக்குமே, செபப் புத்தகத்தை எங்கே வைத்திருப்பார்கள்?” என்று கேட்டார். எந்த வரலாற்றிலும் நான் படிக்காத கேள்வி.

சபையை நிறுவியவர் யார் என்பதில் இன்றும் இரு தரப்பு உண்டு. என் கணக்கு எளிது: ஒப்புதல் வாங்கியதும் மடம் எழுப்பியதும் குருக்கள்; இப்படி ஒரு வாழ்வு வேண்டும் என்று முதலில் ஏங்கியது அந்தக் கைம்பெண்.

கேரளக் கத்தோலிக்கரின் இரு வழிபாட்டு முறைகளான இலத்தீன் முறையாரும் சிரியன் முறையாரும் இந்தச் சபையில் ஒரே கூரையின் கீழ் இருபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். 1890இல் வழிபாட்டு முறையை வைத்துச் சபையை இரண்டாகப் பிரித்தார்கள். கூனம்மாவு மடம் சிரியன் முறையாருக்குப் போனது. இலத்தீன் முறையைச் சேர்ந்த எலிஸ்வா, தாம் தொடங்கிய வீட்டை விட்டு ஐம்பத்தொன்பது வயதில் வெளியேறி, அவ்வாண்டு நவம்பரில் வராப்புழைக்கு வந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். அவர் கோபப்பட்டதாக எங்கும் படித்ததில்லை.

நாங்களும் அதே வழியில் வராப்புழைக்குத் திரும்பினோம். பஸ்ஸில் பத்து நிமிடம். 1913 ஜூலை 18 அன்று இறந்த அவருடைய கல்லறை இங்குள்ள மடத்தில் இருக்கிறது. 2025 நவம்பர் 8 அன்று கொச்சியை அடுத்த வல்லார்பாடத்தில், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது.

பெரியம்மா கல்லறை மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

“மகளும் தங்கையும் கூடவே வந்துவிட்டார்கள், இல்லையா?”

“ஆமாம் பெரியம்மா.”

“அப்படியென்றால் மூன்று மெழுகுவத்தி வாங்கி வா.”