மழைக்கு முன் ஓட வேண்டும்

மே 9, 2025, வெள்ளி

சென்ற ஆண்டு மார்ச்சில், கும்பப்பூ அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலிலிருந்து ஒரே ஓட்டத்தில் எழும்பிப் பறந்த எங்கள் மாதிரி விமானத்தின் அதே 20 சி.சி. பெட்ரோல் எஞ்சின், இன்று ஒரு தும்மல்கூடத் தரவில்லை. விமானத்தின் வாலைத் தென்னை மூட்டில் கயிறு போட்டுக் கட்டி, காற்று வரும் வழியை அடைக்கும் சோக்கை மூடி, ரப்பர் குழாய் செருகிய கம்பால் ப்ரொப்பெல்லரைத் தோள் வலிக்கும் வரை சுழற்றினோம். "மாமா, ஊசியைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போமா?" என்று மருமகன் திருப்புளியோடு வந்தான். தொடக் கூடாது என்றேன். பெட்ரோலின் அளவைத் திருத்தும் இரண்டு திருகூசிகள், அதிக வேகத்துக்கான எச் ஊசியும் குறைந்த வேகத்துக்கான எல் ஊசியும், எஞ்சின் ஓடியபோது இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. பெட்டிக்குள் ஓராண்டு படுத்திருந்த காலத்தில் அவை தாமாகத் திரும்பியிருக்க முடியாது. எஞ்சின் ஓடவில்லை என்றதும் முதலில் ஊசியைத் திருகுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இருந்ததே இல்லை.

மே 10, சனி

இன்று தீப்பொறியை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ப்ளக்கைக் கழற்றி அதன் தொப்பிக்குள் செருகி, உலோக உடலைச் சிலிண்டரின் மேல் நன்றாகப் பதியவைத்து, அறையை இருட்டாக்கிச் சுழற்றினேன். ப்ளக் உடலோடு ஒட்டாமல் இருக்கும்போது பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் பெட்டியை ஓட்டினால், வெளியேற வழியில்லாத உயர் மின்னழுத்தம் அந்தச் சிறிய பெட்டியையே எரித்துவிடும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மருமகனை நான் நம்புவதில்லை. நீலப் பொறி, பளிச்சென்று, ஒவ்வொரு சுற்றுக்கும் தவறாமல் விழுந்தது. இடைவெளி அரை மில்லிமீட்டர், சரி. ப்ரொப்பெல்லர் அச்சில் பதிந்த காந்தம், பொறி விழும் நேரத்தைக் குறிக்கும் ஹால் சென்சாரைக் கடக்கும் இடத்தையும் அளந்தேன்: பிஸ்டன் உச்சியை அடைவதற்கு ஏறத்தாழ 28 பாகை முன்னால், அதுவும் சரி. விரலால் ப்ளக் துளையை அடைத்துச் சுழற்றியபோது காற்று விரலைத் தள்ளியது, ஆகவே அழுத்தமும் இருக்கிறது. மிச்சம் இருப்பது பெட்ரோல்தான்.

மே 11, ஞாயிறு

திருவனந்தபுரத்திலிருந்து நான் எதிர்பார்த்திருக்கும் அழைப்பு வரவில்லை. எஞ்சினைத் தொடவில்லை.

மே 12, திங்கள்

சித்திரா பௌர்ணமி. சூரியன் இறங்குவதையும் நிலவு ஏறுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வீட்டில் எல்லாரும் குமரிமுனைக்குப் போய்விட்டார்கள். தொலைபேசிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி நான் இருந்துகொண்டேன். சோக்கை மூடியபடி நெடுநேரம் சுழற்றிவிட்டு ப்ளக்கைக் கழற்றினால், அது காய்ந்த எலும்பாக இருந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரின் தொண்டையில் சில சொட்டுப் பெட்ரோலை விட்டுச் சுழற்றினேன். உடனே பிடித்தது, இரண்டு மூன்று நொடி உறுமியது, சொட்டுகள் தீர்ந்ததும் நின்றது. இத்தனை நாள் குழப்பத்துக்கு அந்த உறுமல் தெளிவான பதில். உள்ளே போனதை எரிக்கத் தெரிந்த எஞ்சினுக்கு எரிப்பதற்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

மே 13, செவ்வாய்

தொட்டி, குழாய், தொட்டிக்குள் குழாய் நுனியில் தொங்கும் குண்டு, காற்றுத் துளை எல்லாவற்றையும் ஊதிப் பார்த்தேன். அடைப்பு இல்லை. பிறகு ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, பெட்ரோல் பங்க்கில் வாங்கியதில் 100 மில்லியை அளவுக் குடுவையில் ஊற்றி, 10 மில்லி தண்ணீர் சேர்த்துக் குலுக்கி வைத்தேன். சிறிது நேரத்தில் அடியில் தெளிந்த நீர்ப்படலம் முப்பது மில்லியை நெருங்கி நின்றது, ஏனென்றால் பெட்ரோலில் கலந்திருந்த 20 சதவீத எத்தனால் முழுவதும் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. உப்புக் காற்றும் ஈரமும் உள்ள நம் ஊரில் எத்தனால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பெட்ரோல் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தகடுகளை ஓராண்டு நனைத்துக் கிடந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் உறக்கம் வரவில்லை. அந்த அழைப்பை நினைத்தாலும் வரவில்லை.

மே 16, வெள்ளி

கார்புரேட்டரைத் திறந்தேன். மூடும் வரை மெல்லத் திருகி எண்ணிக்கொண்டேன்: இரண்டு ஊசிகளும் ஒன்றரைச் சுற்று. காகிதத்தில் குறித்துக்கொண்ட பிறகே திருகாணிகளில் கை வைத்தேன்.

இதில் மிதவையும் கிண்ணமும் இல்லை. தலைகீழாகப் பறக்கும் விமானத்துக்கு அவை பயன்படாது. ஒரு பக்கத்தில் பம்புத் தகடு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதன் கீழே உள்ள கிரான்க் கேஸ் என்ற அறையில் உண்டாகும் அழுத்தத் துடிப்பு ஒரு சிறு துளை வழியாக வந்து அந்தத் தகட்டைத் துடிக்கவைக்கிறது. தகட்டிலேயே வெட்டப்பட்ட இரண்டு நாக்குகள் வால்வுகளாகத் திறந்து மூடிப் பெட்ரோலை உள்ளே தள்ளுகின்றன. பல ஆட்கள் இந்தத் துளையை மறந்துவிடுவார்கள். கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கேஸ்கெட்டை மாற்றித் திருப்பிப் போட்டால் துளை அடைபட்டு, பம்பு அசையாமல் கிடக்கும். இங்கே துளைகள் நேராக இருந்தன. பம்புக்கு அப்பால் உள்ள கம்பி வலையில் எண்ணெய் பழுப்பாக உறைந்திருந்தது, கழுவினேன். மறுபக்கத்தில் அளவுத் தகடு. தொண்டையில் உண்டாகும் உறிஞ்சல் இதை இழுக்க, இது ஒரு குட்டி நெம்புகோலை அழுத்த, நெம்புகோல் பெட்ரோலை உள்ளே விடும் ஊசி வால்வைத் தூக்க வேண்டும். தூக்கவில்லை. வால்வின் முனை பிசினில் ஒட்டியிருந்தது. விரல் நுனியால் அசைத்ததும் விடுபட்டது, ஆனால் தகடு விறைத்துச் சுருங்கி, விரலால் தொட்டால் மடமடவென்று ஒலித்தது. எஞ்சின் தானே ஓடும்போது உண்டாகும் பலமான உறிஞ்சலுக்கு ஒருவேளை அது அசையலாம். கையால் சுழற்றும்போது கிடைக்கும் அற்ப உறிஞ்சலுக்கு அசையவே அசையாது.

மே 17, சனி

நாகர்கோவிலில் கேட்ட கடைகளில் இந்த அளவில் டயஃப்ரம், அதாவது அந்த ரப்பர் தகடு, இல்லை.

மே 19, திங்கள்

குலசேகரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் எந்திரங்களையும் காடுவெட்டும் எந்திரங்களையும் பழுதுபார்க்கும் ஒருவரைப் பிடித்தேன். மழைக்கு முன்பு இலை உதிர்வு நோய்க்குத் தாமிர மருந்து அடித்து முடிக்க வேண்டிய நேரம் என்பதால் கடை முன்னே எந்திரங்கள் வரிசையாகக் கிடந்தன. பழைய தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "அண்ணாச்சி, இதுக்க டயஃப்ரம் வெறைச்சு போச்சு, இனி கழுவி ஒண்ணும் ஆகாது" என்றார். காடுவெட்டும் எந்திரத்துக்கான பெட்டியைத் திறந்து, துளைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பொருத்திப் பார்த்து, மிகச் சரியான ஒன்றை எடுத்துத் தந்தார். நூறு கேள்வி கேட்காமல் துளைகளை ஒப்பிட்ட அந்த ஆள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிவிட்டது.

பேருந்தில் வரும்போது இரண்டு முறை தொலைபேசி ஒலித்தது. இரண்டும் வேறு யாரோ.

மே 20, செவ்வாய்

பொருத்திவிட்டேன். பகல் முழுவதும் மழை.

மே 24, சனி

கேரளத்தில் பருவமழை இன்றே தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்தது. வழக்கமான நாள் ஜூன் 1. இனி வயலும் இல்லை, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வலுத்தால் வானமும் இல்லை. மாலையில் மழை விட்ட இடைவெளியில் கூரைக்கடியிலேயே வைத்துச் சுழற்றினோம். ஒரு லிட்டர் புதுப் பெட்ரோலுக்கு 31 மில்லி எண்ணெய். சோக்கை மூடிச் சுழற்ற, ஒரு முறை டப்பென்று வெடித்தது. சோக்கைத் திறந்து மீண்டும் சுழற்ற, பிடித்துக்கொண்டது. நிற்கவில்லை. மருமகன் கத்தியது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். வேகத்தைச் சட்டென்று கூட்டும்போது மட்டும் ஒரு தயக்கம் இருக்கிறது. அது எல் ஊசியின் வேலை. இப்போதுதான் ஊசியைத் தொடலாம், அதுவும் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்குச் சுற்று.

மே 26, திங்கள்

அழைப்பு வந்துவிட்டது. புதன்கிழமை காலை எட்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், திரும்பும் நாளைச் சொல்ல முடியாது என்றார்கள். எல் ஊசி அப்படியே இருக்கட்டும். இன்று இரவே தொட்டியை வடித்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும் வரை எஞ்சினை ஓடவிட வேண்டும், ப்ளக் துளையில் சிறிது எண்ணெய் விட்டுக் கையால் சுழற்ற வேண்டும், பேட்டரியைக் கழற்ற வேண்டும், மருமகனிடம் இதையெல்லாம்