கறுப்பு வெள்ளையா, வண்ணமா? பாம்பன் கரையில் மூன்று ஞாயிறுகள்

முதல் ஞாயிறு கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, ஜேபெக் (JPEG) என்ற வழக்கமான படக் கோப்பாக மட்டும் எடுத்தேன். தென்கரையில் ஒரு பெரியவர் கிழிந்த பச்சை வலையை ஆரஞ்சு நைலான் நூலால் தைத்துக்கொண்டிருந்தார். திரையில் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "நான் போட்ட முடிச்சு எங்கே தம்பி?" என்று கேட்டார். உண்மையிலேயே காணவில்லை. பச்சையும் ஆரஞ்சும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவில் இருந்ததால், இரண்டும் ஒரே சாம்பலாகிவிட்டன. அவருடைய காலை நேர உழைப்பு முழுவதும் அந்தச் சாம்பலில் கரைந்துபோயிருந்தது. ஜேபெக்கில் நிறத் தகவல் அழிந்துவிடுவதால் மீட்கவும் வழியில்லை.

அடுத்த வாரம் அதே பெரியவரை ரா (raw) கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுத்தேன். திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலும் நிறங்கள் கோப்புக்குள் பத்திரமாக இருக்கும். வீட்டில் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது ஆரஞ்சு இருந்த இடங்களின் வெளிச்சத்தை ஏற்றி, பச்சை இருந்த இடங்களின் வெளிச்சத்தை இறக்கினேன். முடிச்சுகள் ஒவ்வொன்றாகப் பளிச்சென்று எழுந்து வந்தன. ஆனால் மனித தோலின் நிறமும் பெரும்பாலும் ஆரஞ்சில்தான் அடங்குகிறது. நூலோடு சேர்ந்து அவர் கைகளும் வெளுத்துவிட்டன. வெயிலில் கறுத்து, உப்பில் வெடித்த விரல்கள் மாவு பூசியதுபோல் ஆயின. அதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் படத்துக்கு வண்ணம்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மூன்றாம் ஞாயிறு தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர் பவளப்பாறைக் கற்களால் ஆனது. காலை ஏழு மணிக்குச் சாய்வான வெயில் கல்லின் ஒவ்வொரு துளையிலும் சிறு நிழலை ஊற்றியிருந்தது. வண்ணத்தில் பார்த்தால் கண் நேரே நீல வானத்துக்கு ஓடுகிறது, கல் இரண்டாம்பட்சம். கறுப்பு வெள்ளையாக்கி நீலத்தை இறக்கியதும் வானம் இருண்டு சுவர் முன்னே வந்தது. ஒரேயடியாக இறக்கினால் வானம் புள்ளிப் புள்ளியாகச் சொரசொரத்துத் தெரிகிறது; பாதியில் நிறுத்திக்கொண்டேன். இதுவரை எடுத்தவற்றில் எனக்கு மிகப் பிடித்த படம் இது.

பாம்பன் பாலத்திலிருந்து எடுத்த இரண்டு கடல் படங்கள் மட்டும் மீதி. வடக்கே அடங்கிக் கிடக்கும் பெண்கடல், தெற்கே அலையடிக்கும் ஆண்கடல். அலையைக் காட்டக் கறுப்பு வெள்ளை போதும். ஆனால் இரண்டு நீரின் நிறமும் அன்று வேறுவேறாக இருந்தது. இரண்டையும் இரண்டு விதமாக அச்சிடக் கொடுத்திருக்கிறேன். பெரியவருக்கு அவருடைய வண்ணப் படமும் அவற்றோடு சேர்ந்து அச்சாகி வருகிறது.