எங்கள் வீட்டின் முதல் வரிக் கணக்கு

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் வருமான வரி கட்டிய முதல் ஆள் நான்தான். அப்பா பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்குக் கொடுத்து எங்களை வளர்த்தார். பச்சை இலை விற்ற பணம் வேளாண் வருமானம் என்பதால் அதற்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. இந்தப் பழக்கத்திலேயே வளர்ந்த நான், 2021இல் கோவை வேலையை விட்டு ஊர் திரும்பி, சிவில் இன்ஜினியராகத் தனித்து வரைபடங்கள் போட்டுக் கொடுக்கத் தொடங்கியபோது, கணக்கில் வரவான தொகை முழுவதும் எனக்கே உரியது என்று எண்ணிவிட்டேன்.

நிறுவனங்கள் கட்டணம் தரும்போதே 10 விழுக்காடு டிடிஎஸ் (என் வரிக்காகப் பிடித்து அரசுக்குக் கட்டும் தொகை) பிடித்துக்கொண்டதால் வரி அத்துடன் தீர்ந்தது என்றும் நம்பினேன். ஆனால் தங்களுக்கென்று வீடு கட்டுவோர் எதையும் பிடிப்பதில்லை. என் வரவில் பாதிக்கு மேல் அவர்களிடமிருந்தே வந்தது. டிடிஎஸ் போக மீதி வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அதை அந்த நிதியாண்டுக்குள்ளேயே முன்வரியாகக் கட்ட வேண்டும் என்பதை 2022 ஜூலையில், ரிட்டர்ன் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோதுதான் அறிந்தேன். ஏப்ரல் முதல் நான்கு மாதங்களுக்கு மாதம் 1 விழுக்காடு வட்டியும், மார்ச் கெடு தவறியதற்குத் தனியாக 1 விழுக்காடும் சேர்ந்தன. தொகை பெரிதில்லை என்றாலும், அறியாமைக்காகக் கட்டிய பணம் என்பதால் மனம் வலித்தது.

பொறியியல், மருத்துவம், சட்டம், கணக்கியல் முதலிய தொழில்களுக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு பெரிய ஆறுதல். மொத்த வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாவிடில் 75 லட்சம்) அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். செலவுச் சீட்டுகளைக் கட்டிக்காக்க வேண்டியதில்லை. முன்வரியையும் நான்கு தவணைகளாக அன்றி மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். 2025-26ஆம் நிதியாண்டில் ஒருவருக்கு 12 லட்சம் வரவு என்றால் வருமானம் 6 லட்சம். புதிய வரிமுறையில் அதற்கு வரியே இல்லை. முழு வரவிலும் டிடிஎஸ் பிடித்திருந்தால் அந்த 1,20,000 ரூபாயும் அவருடைய பணம்தான், ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வரும். வரி இல்லையே என்று தாக்கல் செய்யாமல் விட்டுவிடும் இளைஞர்களை இங்கே பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே கட்டுமான வேலை நின்று வரவும் குறைந்துவிடும் என்பதால், டிடிஎஸ் பிடிக்காத ஒவ்வொரு வரவிலும் வரிக்கென்று ஒரு பங்கை அன்றைக்கே வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கிறேன். பிடித்த தொகையை ஒரு நிறுவனம் என் பான் எண்ணில் காட்டாமல் விட்டிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்து, எழுதிக் கேட்டுத் திருத்தச் செய்தேன்.